முதிர்ச்சியைத் தருவது காலமா, அருளா?

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகிற சாலையில், நகரத்து இரைச்சல் குறையும் முன்பே வந்துவிடுகிறது ரெட்டியார்பாளையம். இது உழவர்கரை நகராட்சிக்குள் அடங்கிய ஊர். இங்குள்ள புனித அந்திரேயா ஆலயத்தில் திருப்பலியின்போது கிண்ணத்தில் ஊற்றப்படுவது திராட்சை இரசம். அதே சாலையில் மேற்கே போனால் வில்லியனூர். திருக்காமீசுவரர் கோயிலும் லூர்து மாதா திருத்தலமும் அந்த ஒரே ஊரில் இருக்கின்றன. இன்னும் மேற்கே விழுப்புரம், அதற்குத் தென்மேற்கே திருவெண்ணெய்நல்லூர். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டே சூத்திரங்களில் சிவஞானபோதத்தைச் செய்து, சைவ சித்தாந்தத்துக்குச் சாத்திர வடிவம் தந்தது அங்கேதான். திராட்சை இரசத்தைப் பற்றியும் முதிர்ச்சியைப் பற்றியும் சேர்த்து யோசிக்க இந்தச் சாலையைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டுப் பக்கத்தில் வேறு இல்லை.

யோசிக்க வைப்பது ஒரு புட்டி. வெளிநாட்டில் உறவினர் உள்ள குடும்பங்கள் புதுச்சேரியில் நிறைய. விடுமுறைக்கு வருகிறவர்களின் பெட்டியில் சில சமயம் ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கிலிருந்து ஒரு ஷிராஸ் ஒயின் வரும். நூறு வயதைத் தாண்டிய கொடியில் விளைந்தது, இப்போது திறக்க வேண்டாம், இருபது வருடம் வைத்திருந்தால் இன்னும் நன்றாக வரும் என்ற குறிப்போடு அதைக் கொடுப்பார்கள். வாங்கி வைத்தவர் அலமாரியைப் பார்க்கும்போதெல்லாம் எழ வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. யாரும் தொடாமல், எதுவும் சேர்க்காமல், இருட்டில் கிடக்கிற ஒன்று எப்படி மேம்படும்? காலம் மேம்படுத்துகிறது என்றால், காலம் கடந்த எல்லாமே மேம்பட்டிருக்க வேண்டும். செய்தவரின் உழைப்பு என்றால், அவர் வேலை புட்டியை மூடிய அன்றே முடிந்துவிட்டது. மூன்றாவதாக ஒன்று இருக்கிறதா?

இந்தக் கட்டுரை குடிக்கச் சொல்ல வந்ததல்ல. கள்ளுண்ணாமைக்கென்று வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கினார். மலிவான மது குடும்பங்களை என்ன செய்யும் என்பதைப் புதுச்சேரிப் பெண்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே பேச்சு கொடியைப் பற்றியது, முதிர்தல் என்கிற நிகழ்ச்சியைப் பற்றியது.

முதலில் கொடி. ஷிராஸ் என்ற பெயரை வைத்து, இது பாரசீகத்தின் ஷிராஸ் நகரத்திலிருந்து வந்தது என்று நெடுங்காலம் கதை சொன்னார்கள். 1990களின் இறுதியில் நடந்த மரபணு ஆய்வு அந்தக் கதையை முடித்து வைத்தது. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்துக் கரோல் மெரிடித்தும் பிரான்சின் மொன்பெலியே ஆய்வாளர்களும் சேர்ந்து, துரேசா, மொந்தெஸ் பிளான்ஷ் என்ற இரண்டு தென்கிழக்குப் பிரெஞ்சுக் கொடிகளின் பிள்ளை இது என்று காட்டினார்கள். பிரான்சில் இதற்குச் சிரா என்று பெயர். ரோன் ஆற்றங்கரை இதன் தாய்வீடு. ஜேம்ஸ் பஸ்பி என்பவர் ஐரோப்பாவில் திரட்டிய கொடித் துண்டுகள் 1832இல் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தன. ஷிராஸ் அந்த மண்ணில் வேர் பிடித்தது அந்தக் காலத்தில்தான்.

நிறம் கிட்டத்தட்டக் கறுப்பு. இளமையில் நாவல்பழத்தை நினைவூட்டும் கனிச்சுவை, ஈறுகளைப் பிடித்து இழுக்கிற துவர்ப்பு, இவற்றோடு மிளகு மணம். இந்த மிளகு மணம் கற்பனை இல்லை. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் இதற்குக் காரணமான பொருளைக் கண்டு வெளியிட்டார்கள். அதன் பெயர் ரோட்டண்டோன். நம் கறுப்பு மிளகின் மணத்துக்கும் அதே பொருள்தான் காரணம். ரோட்டண்டோன் என்ற பெயர் வந்தது கோரைக்கிழங்கின் தாவரவியல் பெயரிலிருந்து. குளியல் பொடியில் நம் வீடுகளில் சேர்க்கிறார்களே, அந்தக் கோரைக்கிழங்கு. ஒரு லிட்டர் ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: சோதித்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, பயன்படுத்திய மிக உயர்ந்த அடர்த்தியிலும் இந்த மணம் எட்டவில்லை. பொருள் அங்கே இருக்கிறது, பெறுகிறவரிடம் வாங்கிக்கொள்ளும் இடம் இல்லை. அருளைப் பற்றிப் பேசும்போது சித்தாந்திகள் பக்குவம் என்று ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள் என்பது இங்கே கொஞ்சம் விளங்கும்.

பரோசாவில் இந்தக் கொடிகளை நட்டவர்களின் கதை மதத்தில் தொடங்குகிறது. பிரஷ்யாவின் மன்னர் மூன்றாம் பிரடெரிக் வில்லியம், 1817இல் லூத்தரன் சபையையும் சீர்திருத்தச் சபையையும் ஒன்றாக இணைத்தார். 1830இல் இரண்டுக்கும் பொதுவான வழிபாட்டு முறையைக் கட்டாயமாக்கினார். பழைய லூத்தரன்கள் மறுத்தார்கள். அவர்களுடைய மறுப்பின் நடுவில் இருந்தது நற்கருணை. அப்பத்திலும் இரசத்திலும் கிறிஸ்து மெய்யாகவே இருக்கிறார் என்பதைப் புதிய வழிபாட்டு முறை மழுப்புகிறது என்று அவர்கள் கருதினார்கள். போதகர்கள் சிறைக்குப் போனார்கள். கிளெம்சிக் ஊர்ப் போதகர் ஆகஸ்ட் காவெல் தலைமையில் ஒரு கூட்டம் கப்பலேறி 1838இல் தென் ஆஸ்திரேலியாவில் இறங்கியது. கிண்ணத்தில் இருப்பது என்ன என்ற கேள்விக்காகக் கடல் தாண்டியவர்கள், இறங்கிய நாட்டில் திராட்சை நட்டார்கள். 1843இல் கிறிஸ்டியன் ஆரிக்ட் என்பவர் பரோசாவின் லாங்மைலில் நட்ட ஷிராஸ் கொடிகளில் ஒரு பகுதி இன்றும் காய்க்கிறது. அந்தத் தோட்டத்து ஒயின் விடுதலை என்ற பெயரில் விற்பனையாகிறது.

இந்தக் கதைக்கு ஒரு தமிழ்க் கிளையும் உண்டு, பலருக்கும் தெரியாதது. பழைய லூத்தரன்களோடு நெருக்கமாக இருந்த டிரெஸ்டன் மிஷன், 1838இல் டைக்கெல்மன், ஷூர்மன் என்ற இருவரை அடிலெய்டுக்கு அனுப்பியது. அதே மிஷன் 1840இல் ஹைன்ரிக் கோர்டெஸ் என்பவரைத் தரங்கம்பாடிக்கு அனுப்பி வைத்தது. மிஷன் பின்னால் லைப்சிக் நகருக்கு இடம்பெயர்ந்து லைப்சிக் மிஷன் ஆயிற்று. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் தமிழகத்தில் சில ஆண்டுகள் தங்கித் தமிழ் கற்று, திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்தார். அதே மிஷனின் ஷோமெருஸ் 1912இல் சைவ சித்தாந்தத்தைப் பற்றி ஜெர்மன் மொழியில் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். பரோசாவின் கொடிக்கும் திருவெண்ணெய்நல்லூரின் சாத்திரத்துக்கும் நடுவே ஓடும் இழை மெல்லியதுதான். ஆனால் வரலாறு பின்னிய இழை அது.

பரோசாவை ஒட்டிய ஈடன் பள்ளத்தாக்கில் ஒரு சின்ன லூத்தரன் தேவாலயம் இருக்கிறது. சைலேசியாவில் விட்டுவந்த ஊரின் நினைவாக அதற்குக் கிநாடன்பெர்க் என்று பெயர் வைத்தார்கள். அருட்குன்று என்று பொருள். தேவாலயத்துக்கு எதிரே 1860 வாக்கில் நிக்கோலஸ் ஸ்டானிட்ஸ்கி ஒரு ஷிராஸ் தோட்டம் போட்டார். ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து, 1958இல், சிரில் ஹென்ஷ்கி அந்தத் தோட்டத்துப் பழத்தை மட்டும் தனியாகப் பிழிந்து, தேவாலயத்தின் பெயரையே ஆங்கிலத்தில் வைத்தார். ஹில் ஆஃப் கிரேஸ் இன்று ஆஸ்திரேலியாவின் மிக மதிப்புள்ள ஒயின்களில் ஒன்று. நட்டவர் அதைச் சுவைக்கவில்லை. அப்படி ஒன்று வரும் என்று நினைத்தும் நட்டிருக்க மாட்டார். பருவம் சரியில்லாத 1974, 2000 போன்ற ஆண்டுகளில் அந்தப் பெயரில் ஒயின் போடுவதேயில்லை. கொடிக்கு எத்தனை வயதானாலும் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகவே தேற வேண்டியிருக்கிறது.

பழைய கொடியால் என்ன பயன்? குறைவாகக் காய்ப்பதுதான் முதல் பயன். அடிமரம் தடித்து முறுக்கேறிப் போகும், குலைகள் குறையும், மணிகள் சிறுக்கும். தோலுக்கும் சாற்றுக்கும் உள்ள விகிதம் கூடுவதால் நிறமும் துவர்ப்பும் செறியும். வேர் ஆழத்தில் இருப்பதால் வறட்சியிலும் வெயிலிலும் தடுமாற்றம் குறைவு. 2009இல் பரோசாக்காரர்கள் கொடிகளுக்கு வயதுப் படிகளே வகுத்தார்கள். 35 ஆண்டு தாண்டியது பழங்கொடி, 70 தாண்டியது பிழைத்த கொடி, 100 தாண்டியது நூற்றாண்டுக் கொடி, 125 தாண்டியது முன்னோர் கொடி.

பிழைத்த கொடி என்ற பெயரை யாரும் அலங்காரத்துக்கு வைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் பிலாக்செரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. கடுமையான தடைச் சட்டங்களால் தென் ஆஸ்திரேலியாவுக்குள் அது நுழையவில்லை. உலகின் மிகப் பழைய ஷிராஸ் கொடிகள் தாய்நாடான பிரான்சில் இல்லாமல் பரோசாவில் நிற்பதற்கு இதுதான் காரணம். பூச்சியிடம் தப்பியவற்றை மனிதர்கள் விட்டுவைத்தார்களா என்றால், அதுவும் முழுதாக இல்லை. 1980களில் திராட்சைக்கு விலையில்லாமல் போனபோது, கொடிகளைப் பிடுங்க விவசாயிகளுக்கு அரசே பணம் கொடுத்தது. குறைவாகக் காய்க்கிறவை பழைய கொடிகள். அவையே முதலில் போயின. பீட்டர் லேமன், ராக்ஃபோர்டின் ராபர்ட் ஓகல்லகன் போன்ற சிலர் நல்ல விலை கொடுத்துப் பழம் வாங்கியதால் மிச்சம் நின்றது. ஆகவே, பழைய கொடி நல்ல ஒயின் தருகிறது என்பதோடு, நல்ல ஒயின் தந்த கொடியைத்தான் யாரோ பழையதாக விட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வயது காரணமாகவும் இருக்கலாம், விளைவாகவும் இருக்கலாம். நீண்ட மரபுகளைப் பற்றி யோசிக்கிற யாரும் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். பழைமையைப் போற்றுகிற பேச்சில் தப்பிப் பிழைத்தவை மட்டுமே கண்ணில் படுகின்றன. பிடுங்கி எரிக்கப்பட்டவற்றில் நல்லவை எத்தனை என்பதற்குச் சாட்சி சொல்ல யாரும் இல்லை.

தமிழ்நாட்டிலும் திராட்சை உண்டு. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆண்டு முழுதும் காய்ப்பது அதன் பெருமை. இரண்டு ஆண்டில் ஐந்து அறுவடைகூட எடுப்பார்கள். ஆனால் குளிர்காலத் தூக்கம் இல்லாத அந்தக் கொடிகள் சீக்கிரமே களைத்துவிடுகின்றன. நூற்றைம்பது வயதுக் கொடி கம்பத்தில் இல்லை. ஓய்வறியாமல் கொடுக்கிற கொடிக்கு முதுமை வாய்ப்பதில்லை.

இனிப் புட்டிக்குள் போகலாம். மையக் கேள்வி அங்கேதான் கிடக்கிறது.

ஷிராஸின் ஆயுளைத் தீர்மானிப்பவை முக்கியமாக மூன்று: துவர்ப்பு, புளிப்பு, கனிச்சாரம். டானின் எனப்படும் துவர்ப்புப் பொருள் தோலிலும் விதையிலும் இருந்து வருகிறது. இளமையில் அது முரடு. நாக்கை மூடிக்கொண்டு உள்ளே இருக்கிற எதையும் தெரியவிடாது. ஆண்டுகள் போகப்போக டானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்றும் நிறப்பொருள்களோடும் பிணைந்து பெரிதாகின்றன. ஓர் அளவுக்கு மேல் கரைந்திருக்க முடியாமல் அடியில் மண்டியாகப் படிகின்றன. கருநீலச் சிவப்பு மெல்ல செங்கல் நிறமாகும். பழ மணம் பின்வாங்கி, தோல், மரம், மழை பெய்த மண், காளான் என்று வேறு மணங்கள் எழும். நடுவில் சில ஆண்டுகள் ஒயின் வாயே திறக்காது. மணமும் இல்லாமல் சுவையும் இல்லாமல் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வைக்கும். பிறகு திறக்கும்.

இப்போது சித்தாந்தம் மலபரிபாகத்தைப் பற்றிச் சொல்வதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். உயிரை அநாதியாக மறைத்திருப்பது ஆணவ மலம். பிறவிதோறும் நடப்பது அந்த மலம் பழுப்பது. பழுப்பது உயிர் என்று மேலோட்டமாகப் படிக்கிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். சாத்திரம் மலம் பழுக்கிறது என்றே சொல்கிறது. தடையாக இருந்ததன் மறைக்கும் வலிமை தளர்ந்து கழலத் தயாராவதுதான் பரிபாகம். அந்த மலம் முத்தியிலும் அழிந்து போவதில்லை, செயலற்றுக் கிடக்கும் என்பதும் சித்தாந்தத்தின் முடிவு. புட்டிக்குள் நடப்பதும் ஏறத்தாழ இதுவே. பழுப்பது துவர்ப்பு. அது முரட்டுத்தனத்தை இழந்து, மறைக்கிற வேலையை விட்டு, அடியில் மண்டியாக அங்கேயே கிடக்கிறது. கனிச்சாரம் வெளியே தெரிகிறது. கார்க் வழியே கசியும் கொஞ்சம் காற்றைத் தவிர, புதிதாக எதுவும் வெளியிலிருந்து சேரவில்லை.

இதைவிட முக்கியமானது அடுத்த படி. மலம் தானாகப் பழுக்குமா? பழுக்காது என்கிறது சித்தாந்தம். மலம் சடம், அறிவில்லாதது. சடம் தன்னைத்தானே ஒரு நோக்கத்தை நோக்கி நகர்த்திக்கொள்ளாது. அப்படியென்றால் காலம் அதைப் பழுக்க வைக்குமா? காலமும் சடமே. முப்பத்தாறு தத்துவங்களில் காலம் ஒன்று. அசுத்த மாயையிலிருந்து தோன்றுவது. நியதி, கலை, வித்தை, அராகம் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைக்கப்பட்ட ஒரு கருவி. கருவியை யாராவது எடுத்துச் செலுத்த வேண்டும். பழுக்க வைப்பது இறைவனின் திரோதான சத்தி, அதாவது மறைக்கும் ஆற்றல். ஐந்தொழிலில் நான்காவதான மறைத்தலை அருளின் ஒரு முகம் என்று சித்தாந்தம் துணிந்து சொல்வது இதனால்தான். வினையை நுகர வைத்து, உலகத்தின் மேல் கவனத்தைத் திருப்பி, தன்னைக் காட்டாமல் நின்றே மலத்தைப் பழுக்க வைக்கிறான் இறைவன். பழுத்த பிறகு அதே ஆற்றல் அருட்சத்தியாக வெளிப்படுவது சத்திநிபாதம். அது எல்லாருக்கும் ஒரே வேகத்தில் வருவதில்லை. மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என்று நான்கு படிகள் சொல்வார்கள்.

காலம் ஒரு கருவி மட்டுமே என்ற இந்த முடிவை ஒயின் தொழில் நூறு விதமாக உறுதிப்படுத்துகிறது. உலகில் விளையும் ஒயினில் பெரும்பகுதி வைத்திருந்தால் கெட்டுப்போகும். துவர்ப்பும் புளிப்பும் சாரமும் சரியான அளவில் தொடக்கத்திலேயே இல்லாத ஒயினுக்கு இருபது ஆண்டு கொடுத்தால் இருபது ஆண்டுப் பழுதுதான் கிடைக்கும்.

காத்திருப்பவரின் பங்கு என்ன என்பதற்கு மேக்ஸ் ஷூபர்ட் நல்ல எடுத்துக்காட்டு. பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தின் ஒயின் தயாரிப்பாளரான அவர் 1950இல் ஐரோப்பா போனார். போர்தோவில் நாற்பது, ஐம்பது வயதான ஒயின்களைச் சுவைத்துவிட்டு வந்து, 1951இல் கிரேஞ்ச் என்ற ஷிராஸைச் செய்தார். பல ஆண்டு கிடந்தால் மட்டுமே திறக்கக்கூடிய ஒயின் அது. சிட்னியில் நிறுவன மேலாளர்களும் ஒயின் தெரிந்தவர்களும் இளமையிலேயே அதைச் சுவைத்து முகம் சுளித்தார்கள். 1957இல் நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. ஷூபர்ட் நிறுத்தவில்லை. 1957, 1958, 1959 மூன்று ஆண்டும் அடிலெய்டு அருகே மாகில் நிலவறையில் மறைவாகச் செய்து வைத்தார். அதற்குள் முதல் ஆண்டுப் புட்டிகள் முதிர்ந்து திறக்க, அதே மேலாளர்கள் 1960இல் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். அவர்கள் ஏளனம் செய்த 1955ஆம் ஆண்டு ஒயின் பிறகு கண்காட்சிகளில் பதக்கம் மேல் பதக்கம் வாங்கியது. ஷூபர்ட் அந்தப் புட்டிகளை முதிர வைக்கவில்லை. பிடுங்கி எறியாமல் காத்தார். மனித முயற்சிக்கு முதிர்ச்சியில் உள்ள இடம் பெரும்பாலும் இந்தக் காவல்தான். குழந்தை வளர்ப்பவர்களும் மாணவர்களை மதிப்பெண்ணால் அளக்கிறவர்களும் இந்த மூன்று ஆண்டுகளைப் பற்றி யோசிக்கலாம்.

லூத்தரன் விவசாயிகளிடம் மலபரிபாகத்தைச் சொல்லியிருந்தால் ஒப்பியிருப்பார்களா? ஒப்பியிருக்க மாட்டார்கள். மனிதன் தகுதி பெற்ற பிறகு அருள் வருவதில்லை, பாவியாக இருக்கும்போதே வருகிறது என்பது லூத்தரின் உயிர்நாடியான போதனை. பழுத்தவனுக்கே அருள் என்றால், அது கூலி ஆகிவிடும் என்று அவர்கள் வாதாடியிருப்பார்கள். வலுவான வாதம்தான். ஆனால் சித்தாந்தம் பழுக்க வைக்கும் ஆற்றலையே அருள் என்று வைப்பதால், இந்த அடி அதன்மேல் முழுதாக விழவில்லை. பழுப்பதற்கு முன்னும் அருள், பழுத்த பின்னும் அருள். முன்னது மறைந்து நிற்கிறது, பின்னது தெரிந்து நிற்கிறது. இரண்டு தரப்புக்கும் இடையில் மிஞ்சும் வேறுபாடு, அந்த மறைந்த அருளுக்குக் காலம் தேவையா என்பதுதான். கொடியையும் புட்டியையும் பார்த்தால் சித்தாந்தத்தின் பக்கமே தட்டு தாழ்கிறது. நட்டவர் ஒருவர், காத்தவர் ஒருவர், பிழிந்தவர் ஒருவர், திறப்பவர் ஒருவர் என்று நூறு ஆண்டுக்கு நீளும் ஒன்றை ஒரே கணத்துக் கொடை என்று சொல்ல வாய் வருவதில்லை.

ஒப்புமை எங்கே உடைகிறது என்பதையும் மறைக்கக் கூடாது. ஒயினுக்கு உச்சி உண்டு, அதன் பிறகு இறக்கம் உண்டு. ரோமானியர்கள் கொண்டாடிய ஒயின் கி.மு. 121ஆம் ஆண்டினது, ஒபிமியன் என்று பெயர். ஏறத்தாழ இருநூறு ஆண்டுக்குப் பிறகு பிளினி அதைப் பற்றி எழுதும்போது, அது கசப்பேறித் தேன்போல இறுகியிருந்தது. அந்த ரோமானிய ஒயினின் உறவுக்காரர்கள் ரெட்டியார்பாளையத்துக்குப் பக்கத்திலேயே புதைந்து கிடந்தார்கள். அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது மத்தியதரைக்கடல் பகுதியின் கூர்அடிச் சாடிகள் உடைந்த துண்டுகளாகக் கிடைத்தன. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி நடத்திய அகழாய்வு அவற்றை இன்னும் தெளிவாக்கியது. கிரேக்கத் தீவான கோஸின் ஒயின் சாடி வகை அவற்றில் முக்கியமானது. அந்த வகை ஒயினில் கடல்நீர் கலப்பார்கள், நீண்ட பயணத்தில் கெடாமல் இருக்க. யவனர் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் அருந்துவதை நக்கீரர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். செங்கடலைக் கடந்து பருவக்காற்றில் வந்த அந்த ஒயின் முதிர்ந்து வந்ததா, கெட்டு வந்ததா என்ற வேறுபாடு அன்றைய வணிகருக்கு வாழ்வும் சாவும்.

முதிர்தலும் கெடுதலும் ஒரே வேதியியல் என்பதுதான் இங்கே சங்கடம். இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் காற்றிலுள்ள ஆக்சிஜன். கார்க் வழியே சொட்டுச் சொட்டாக நுழைந்தால் முதிர்வு, தாராளமாக நுழைந்தால் புளித்த காடி. எல்லைக்கோடு எங்கே? 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பின் மூன்றாம் பகுதியில் இதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். காடியைத் திருப்பலிக்குப் பயன்படுத்தலாமா? கூடாது என்றார். காடி ஒயினின் சிதைவு, அதிலிருந்து ஒயினுக்குத் திரும்பும் வழியில்லை. புதிதாகப் பிழிந்த சாறோ ஒயினின் இயல்பை ஏற்கெனவே கொண்டிருப்பதால் செல்லும். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 924ஆம் பிரிவு இன்றும் இரசம் திராட்சைக் கனியிலிருந்து இயல்பாக வந்ததாகவும் கெடாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. வயதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. புனித அந்திரேயா ஆலயத்தின் கிண்ணத்துக்கு நூற்றாண்டுக் கொடியின் ஒயின் எந்த விதத்திலும் உயர்ந்ததாக ஆகிவிடாது. மெய்ப்பொருள் பழைமையைக் கேட்பதில்லை என்பதற்கு இது வலிமையான சான்று.

உயிரின் முதிர்ச்சிக்குச் சித்தாந்தம் இப்படி ஓர் இறக்கத்தைச் சொல்வதில்லை. சுத்த நிலையை அடைந்த உயிர் மலத்தின் பிடிக்குத் திரும்புவதில்லை. ஆக, புட்டி உயிருக்குப் பாதி வழி மட்டுமே துணை வரும்.

பழைமை என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடுமா என்ற கேள்வியில் மதங்கள் ஒரே குரலில் பேசியதில்லை. புதிய இரசத்தைப் பழைய தோற்பையில் ஊற்றக் கூடாது என்ற உவமைக்கு அடுத்து, பழையதைக் குடித்தவன் புதியதை விரும்பமாட்டான் என்று பொருள்படும் ஒரு வசனம் லூக்கா நற்செய்தியில் மட்டும் வருகிறது, 5:39. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த பெசா சுவடியில் அந்த வசனம் இல்லை. புதியதை அறிவிக்க வந்த நூலில் பழையதற்குச் சாதகமாக ஒரு வரியா என்ற உறுத்தல் பழங்காலத்திலேயே இருந்திருக்க வேண்டும்.

நம் பக்கத்தில் இதற்கு நேரடியாகப் பதில் சொன்னவர் உமாபதி சிவாசாரியார். தில்லை தீட்சிதர் குலத்தில் பிறந்து, மறைஞான சம்பந்தரைக் குருவாக ஏற்றவர். மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கில் எட்டைச் செய்தவர். 14ஆம் நூற்றாண்டில் எழுதிய சிவப்பிரகாசத்தின் அவையடக்கத்தில், பழையது என்பதால் எல்லாம் நன்றாகிவிடாது, இன்று தோன்றியது என்பதால் எதுவும் தீதாகிவிடாது என்ற கருத்தை அவர் நேர்முகமாக வைக்கிறார். வேதத்தையும் ஆகமத்தையும் அநாதி என்று ஏற்கும் ஒரு சைவர் இதைச் சொன்னார் என்பது பெரிய துணிவு. தமிழில் பழம்பெருமை பேசும் மேடைகளில் இந்தப் பாடலை யாரும் எடுப்பதில்லை. எடுக்க வேண்டும்.

அவருடைய குரு மரபின் தொடக்கத்தில் வழங்கிவரும் கதை இதை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. மெய்கண்டார் சிறு பிள்ளை. அருணந்தி சிவாசாரியார் வயதில் மூத்தவர், கல்வியில் கடல், மெய்கண்டாரின் குடும்பத்துக்கே குரு. பிள்ளை பாடம் சொல்கிறான், தம் மாணவர்களும் அங்கே போகிறார்கள் என்று கேட்டு, அவர் திருவெண்ணெய்நல்லூருக்கு நேரில் வந்தார். ஆணவத்தின் நிலை எப்படி இருக்கும் என்று கேட்டார். பிள்ளை பேசாமல் அவரையே சுட்டிக் காட்டினான். அருணந்தியார் அந்த இடத்திலேயே விழுந்து வணங்கி மாணவரானார். பிறகு சிவஞான சித்தியாரைச் செய்தார். வயதும் கல்வியும் அவரிடம் ஏராளமாக இருந்தன, துவர்ப்பும் அப்படியே இருந்தது. அது படிந்தது ஒரு கணத்தில். ஆனால் அந்தக் கணத்தைத் தாங்குகிற பக்குவம் அவரிடம் எப்போதோ, யார் கண்ணிலும் படாமல் உருவாகியிருந்தது. வேறொரு பண்டிதராக இருந்தால் கோபித்துக்கொண்டு ஊர் திரும்பியிருப்பார்.

அலமாரியில் புட்டி வைத்திருக்கிற ரெட்டியார்பாளையத்துக்காரருக்கு ஒரு நடைமுறைச் செய்தி மிச்சமிருக்கிறது. ஷிராஸ் முதிர 12 முதல் 15 பாகை வரை குளிர்ச்சியும், இருட்டும், அசையாத இடமும் வேண்டும். புதுச்சேரியில் மே மாதப் பகல் 36, 37 பாகையைத் தொடும், ஆண்டுச் சராசரியே 28 பாகைக்குப் பக்கம். பத்துப் பாகை கூடினால் வேதிவினைகள் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகம் பிடிக்கும். கெடுக்கிற வினைகள் முதிர்விக்கிற வினைகளைவிட அதிகமாக முடுக்கிவிடப்படும். கடைகளில் வைப்பதுபோல் நிறுத்தி வைத்தால் கார்க் காய்ந்து காற்றும் நுழையும். அதற்கென்ற குளிர்பெட்டி இல்லாதவர், இருபது ஆண்டு தாங்கும் என்ற பேச்சை நம்பி அதை இங்கே வைத்திருக்க வேண்டாம். குடிக்கிற வழக்கம் இருந்தால் இந்த மழைக்காலத்திலேயே திறந்துவிடலாம், இல்லையென்றால் நல்ல நிலவறை உள்ளவருக்குக் கொடுத்துவிடலாம்.

சிவப்பிரகாசம் நூறே பாடல். ஆதீனப் பதிப்புகள் உரையோடு கிடைக்கின்றன. மலபரிபாகமும் சத்திநிபாதமும் சாத்திரக்காரர்களுக்கு மட்டுமே என்று ஒதுங்கி நிற்கிற வாசகர்கள் முதலில் அவையடக்கப் பாடலை எடுத்து வாசிக்கட்டும், பிறகு நூலுக்குள் போகட்டும்.